30-30 லீவர் ரைஃபிளில் இரும்பு சைட்டைச் சரிசெய்தல்: முதல் தடவை செய்பவர்களுக்கு

கையில் வந்த ரைஃபிள் குறி தப்பிச் சுட்டால் பலரும் உடனே தேடுவது சுத்தியை. ஒரு ரவுண்டு சுடுவது, சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) ஒரு தட்டுத் தட்டுவது, மறுபடி சுடுவது. இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டி முழுக்கத் தீர்ந்த பின்னும் குண்டு எங்கே போகிறது என்று புரியாது. சைட்டைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கண்ணும் கையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்கி, தோட்டாத் துளைகள் ஓரிடத்தில் கூடட்டும். அதற்குப் பிறகு சைட்டை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இந்தக் குறிப்பு கனடா, அமெரிக்கா போல உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகக்கூடிய நாடுகளில் இருப்பவர்களுக்கானது. அங்கே புதியவர்கள் கையில் அதிகம் வந்து சேர்வது 30-30 என்ற வகைத் தோட்டா போடும் லீவர் ரைஃபிள்தான், அதாவது ட்ரிக்கரை ஒட்டிய கைப்பிடியை இயக்கித் தோட்டா ஏற்றும் ரைஃபிள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 அல்லது 1948-இல் வந்த மார்லின் 336. இரண்டிலும் சைட் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால், அதையே எடுத்துக்கொள்வோம்.

எது என்ன?

குழலின் நுனியில் நிற்பது முன்சைட். மெல்லிய தகடு, அதன் தலையில் பித்தளை மணி. மணிமேல் வெயில் விழாதிருக்க ஒரு சிறு கூடு மூடியிருக்கும். குழலின் பின்பகுதியில் இருப்பது பின்சைட்: மான் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து எழும் தகடு, அதன் அடியில் சிறு பள்ளம். இந்தத் தகட்டின் அடிப்பாகம் குழலில் குறுக்காக வெட்டிய புறாவால் வடிவப் பள்ளத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும். துப்பாக்கிக் கடைகளில் அதை டவ்டெயில் என்பார்கள். தகட்டுக்குக் கீழே படிப்படியாக வெட்டிய சிறு துண்டு ஒன்று முன்னும் பின்னும் நகரும். அது எலிவேட்டர். இடம் வலம் மாற்ற டவ்டெயில், ஏற்ற இறக்க எலிவேட்டர். சில பின்சைட்களில் பள்ளம் உள்ள நடுத்தகடு தனியாகச் சிறு திருகில் நிற்கும். அதைத் தளர்த்தியும் நுணுக்கமாக ஏற்றி இறக்கலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

பித்தளை அல்லது நைலான் பஞ்ச் (சுத்தியால் தட்டித் தள்ளும் கம்பி) ஒன்று. 200 கிராம் அளவுள்ள சிறு சுத்தி. வெர்னியர் காலிப்பர். ரைஃபிளை அசையாமல் பிடிக்க, தோல் அல்லது ரப்பர் பட்டை வைத்த வைஸ். கூரான பென்சில். மணல் மூட்டைகள் இரண்டு. பெரிய வெள்ளைத் தாளில் வரைந்த குறித்தாள்கள். எஃகுப் பஞ்ச் வேண்டாம். ஒருமுறை வழுக்கினால் குழலின் கருநீலப் பூச்சில் விழும் கீறல் போகவே போகாது.

தோட்டா எல்லாம் ஒரே தயாரிப்பு, ஒரே எடை. 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுக்கும் 170 கிரெயின் குண்டுக்கும் படும் இடம் மாறும். எதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவீர்களோ அதையே இங்கும் சுடுங்கள். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள மேகசின் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள தீமூட்டியில்) போய் அமரும், சுடும்போது வரும் உதைப்பில் அது வெடிக்கக்கூடும். தட்டைமுனைக் குண்டு, அல்லது லீவர் ரைஃபிளுக்கென்றே செய்த மென்முனைக் குண்டு மட்டும்தான் போட வேண்டும்.

படி 1: துப்பாக்கி காலி என்று உறுதி செய்தல்

குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, லீவரை முழுதாகத் திறந்து, குழாயில் உள்ளதை எல்லாம் வெளியே எடுங்கள். வெடியறைக்குள் கண்ணால் பாருங்கள்; சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். குழாயில் ஒரு தோட்டா சிக்கி நிற்பது உண்டு, அதனால் லீவரை இன்னும் இரண்டு மூன்று முறை இயக்குங்கள். சைட்டில் வேலை செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. வேறு மேசையில், முடிந்தால் வேறு அறையில்.

படி 2: பார்வையைப் பழக்குதல்

மணி, பள்ளத்தின் அடியில் நடுவாக அமர வேண்டும். இந்தக் கொம்பு சைட்டில் புதியவர்கள் செய்யும் பிழை, மணியைக் கொம்புகளுக்கு நடுவே வெறும் காற்றில் மிதக்க விடுவது. மணி பள்ளத்திலிருந்து 1 மி.மீ. ஏறி நின்றால் 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 11.5 செ.மீ. மேலே போகும். சைட்டில் கோளாறு என்று தூக்கி வரும் ரைஃபிள்களில் பலவற்றுக்கு நோய் இதுதான்.

கண் கூர்ந்து பார்க்க வேண்டியது மணியை. பின்பள்ளம் சற்று மங்கும், குறித்தாளும் மங்கும், அப்படியே விடுங்கள். கண்ணால் மூன்று தூரத்தை ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. மங்கிய வட்டத்தின் நடுவைக் கண் தானே கண்டுபிடித்துவிடும். மங்கிய மணியின் நடுவை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மணியும் மங்கலாம். கண் மருத்துவரிடம், கண்ணிலிருந்து 75 செ.மீ. தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடி கேளுங்கள். முன்சைட் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

மணியின் தலை எங்கே தொடுகிறதோ அங்கே குண்டு பட வேண்டும் என்று வைத்துக்கொள்வதே வேட்டைக்கு ஏற்றது. வட்டத்தின் அடியைக் குறிவைத்து நடுவில் அடிக்கும் போட்டி வழக்கம், அளவு தெரிந்த கறுப்பு வட்டத்துக்குப் பொருந்தும். மானின் மேல் வட்டம் கிடையாது. 1.6 மி.மீ. மணி 100 மீட்டரில் சுமார் 21 செ.மீ. இடத்தை மறைத்துவிடும். ஆகவே மணியின் மேல் விளிம்பை நம்புங்கள்.

ரைஃபிளைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, மறுபடி திறந்து பாருங்கள். மணி பள்ளத்திலேயே இருக்கிறதா? இல்லையென்றால் கன்னம் வைக்கும் இடம் மாறுகிறது. காலி ரைஃபிளில் ஒரு வாரம், தினம் பத்து நிமிடம் இதைச் செய்தால் நிறையத் தோட்டா மிச்சமாகும்.

படி 3: சைட்டைத் தொடாமல் சுடுதல்

அனுமதி பெற்ற சுடுகளம், பின்னால் மண்மேடு, காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. முதலில் 25 மீட்டர். குழலில் எண்ணெய் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அப்படியும் முதல் ரவுண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மணல் மூட்டை முன்கட்டையின் அடியில், இடது கை பிடிக்கும் இடத்தில் இருக்கட்டும். குழலையோ மேகசின் குழாயையோ மூட்டைமேல் சாய்த்தால் குண்டு வேறு இடத்துக்குப் போகும், ஏனென்றால் இந்த ரைஃபிளில் குழலும் குழாயும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒவ்வொரு சுடுக்கும் மூட்டை அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மூன்று ரவுண்டு சுட்டு நிறுத்துங்கள். குழலைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த மூன்றைச் சுடுங்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், சூடானால் துளைகள் வரிசையாக நகர ஆரம்பிக்கும். அந்த வரிசையைப் பார்த்துச் சைட்டை நகர்த்தினால், குளிர்ந்த காலையில் சுடும் முதல் குண்டு தவறும். மானுக்குச் சுடுவது எப்போதும் அந்தக் குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான்.

ஆறு துளைகளும் உள்ளங்கைக்குள் அடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். சிதறினால் சைட்டைத் தொடாதீர்கள். மேலும் கீழுமாக நீண்டால், மணியின் உயரமோ கன்னம் வைக்கும் இடமோ மாறுகிறது. பக்கவாட்டில் பரவினால் ரைஃபிள் சாய்கிறதா என்று பாருங்கள். வலக்கைக்காரருக்குக் கீழே ஒன்றிரண்டு விலகி விழுந்தால், பெரும்பாலும் சத்தத்துக்குப் பயந்து ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்திருப்பார். துணைக்கு வந்தவரை வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். ரைஃபிளின் ஹேமர் அந்தப் போலித் தோட்டாமேல் வெறுமனே விழும்போது குழல் நுனி துள்ளினால் காரணம் கையில்.

பித்தளை மணிக்கென்றே ஒரு கோளாறு உண்டு. வெயில் இடப்பக்கமிருந்து அடித்தால் மணியின் இடப்பாதி மட்டும் பளபளக்கும். கண் அந்தப் பளபளப்பை மணி என்று எண்ணிப் பள்ளத்தின் நடுவில் வைக்கும். அப்போது உண்மையான மணி வலப்பக்கம் தள்ளி நிற்கும், குண்டும் வலப்பக்கம் போகும். கூட்டைக் கழற்றி வைத்திருப்பவர்கள் அதை மறுபடி மாட்டுங்கள்.

படி 4: கணக்கு

துளைக்கூட்டத்தின் நடுவைக் கண்டு, அது குறியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். தனியாகத் தள்ளி விழுந்த ஒரே துளையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிறகு முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். 20 அங்குலக் குழலில் இது சுமார் 430 மி.மீ. வரும்.

நகர்த்த வேண்டியது = விலகல் × சைட் இடைவெளி ÷ குறித்தாளின் தூரம். எல்லாமே மில்லிமீட்டரில்.

50 மீட்டரில் 6 செ.மீ. இடப்பக்கம் பட்டால்: 60 × 430 ÷ 50,000 = 0.52 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான்! கண்ணளவில் தட்டுபவர் இரண்டு மில்லிமீட்டர் தட்டிவிடுவார், குண்டு அந்தப் பக்கம் 17 செ.மீ. தள்ளிப் போகும். காலிப்பர் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

திசை: பின்சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்துங்கள். முன்சைட் என்றால் எதிர்ப்பக்கம். இடப்பக்கம் படுகிறதா, பின்சைட் வலப்பக்கம். கீழே படுகிறதா, பின்சைட் மேலே. இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். சுடுகளத்தின் அவசரத்தில் தலைகீழாகத் தோன்றும்.

படி 5: நகர்த்துதல்

படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். ரைஃபிளை வைஸில் பட்டை வைத்துப் பிடித்து, சைட்டின் அடியிலிருந்து குழலுக்கு ஒரு நேர்க்கோட்டைப் பென்சிலால் இழுங்கள். தொடங்கிய இடம் அதுதான். சைட்டின் அடிப்பாகம் டவ்டெயிலுக்கு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று காலிப்பரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சைச் சைட்டின் அடிப்பாகத்தில், குழலை ஒட்டினாற்போல வையுங்கள். மேலே நிற்கும் கொம்பில் வைத்தால் தகடு வளைந்துவிடும். சிறு தட்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் அளந்து பாருங்கள். சைட்டை முழுதாகக் கழற்ற வேண்டி வந்தால், சுடுபவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக வெளியே தள்ளுவதும், வலமிருந்து இடமாகச் செருகுவதும் வழக்கம்.

அசையவே மறுத்தால், துருக்கரைக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு இரவு விடுங்கள். புதிய சைட் உள்ளே நுழையாவிட்டால் அதன் அடியை அரத்தால் தேய்க்கலாம். குழலில் உள்ள பள்ளத்தை ஒருபோதும் தேய்க்காதீர்கள். சைட் மலிவு, குழல் மலிவில்லை. மாறாக விரலால் தள்ளினாலே நகரும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் பள்ளத்தின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் செருகுங்கள், இல்லையேல் ஒவ்வொரு உதைப்பிலும் அது இடம் மாறும்.

உயரத்துக்கு, பின்சைட் தகட்டை விரலால் லேசாகத் தூக்கி எலிவேட்டரை ஒரு படி மட்டும் நகர்த்துங்கள். ஒரு படிக்கு எவ்வளவு உயரம் என்பது சைட்டுக்குச் சைட் மாறும். காலிப்பரால் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் போதும். விட்டதும் தகடு படியில் முழுதாக அமர்ந்ததா என்று அழுத்திப் பாருங்கள். பாதிப் படியில் நின்றால் முதல் சுடுக்கே இறங்கிவிடும்.

எலிவேட்டர் மிகத் தாழ்ந்த படியில் இருந்தும் குண்டு மேலேயே போகிறதா? முன்சைட் குட்டை. 50 மீட்டரில் 12 செ.மீ. மேலே என்றால் 120 × 430 ÷ 50,000, அதாவது சுமார் 1 மி.மீ. உயரமான முன்சைட் வாங்க வேண்டும். எலிவேட்டர் உச்சியில் இருந்தும் கீழே பட்டால் முன்சைட் நெட்டை, குட்டையானதை மாற்றுங்கள். மணி வைத்த தகட்டை அரத்தால் தேய்க்க முயன்றால் மணியே போய்விடும்.

படி 6: 50, பிறகு 100

25 மீட்டரில் நடுவுக்கு வந்ததும் 50-க்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, கணக்குப் போட்டு, நகர்த்துங்கள். கடைசி முடிவு 100 மீட்டரில். 170 கிரெயின் குண்டை 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிள், 50 மீட்டரில் சுமார் 2 செ.மீ. மேலேயும் 25 மீட்டரில் ஒரு செ.மீ. மேலேயும் படும், அங்கே அதைத் திருத்தப் போகாதீர்கள். 200 மீட்டரில் அதே குண்டு 20 செ.மீ.-க்கும் மேல் இறங்கிவிடும். திறந்த சைட்டோடு அந்தத் தூரத்தில் மானுக்குச் சுடுவது, காயப்பட்ட விலங்கைக் காட்டில் விடுவதில்தான் பெரும்பாலும் முடியும். 100 மீட்டரில் ஐந்து குண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போட முடியாதவர், முடிகிற தூரம் வரை மட்டும் சுடட்டும்.

எல்லாம் முடிந்ததும் பென்சில் கோட்டை அழித்து, டவ்டெயில் ஓரத்தில் நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். ரைஃபிள் கீழே விழுந்தாலோ வண்டியில் ஆடி வந்தாலோ, கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தாலே சைட் நகர்ந்தது தெரிந்துவிடும். எலிவேட்டர் எத்தனையாவது படியில் நிற்கிறது, எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் என்பதைத் தோட்டாப் பெட்டியின் மூடிக்குள் எழுதி வையுங்கள். அடுத்த வேட்டைப் பருவம் தொடங்கும் முன் குளிர்ந்த குழலில் ஒரே ஒரு ரவுண்டு சுட்டு, அந்த எழுத்தோடு ஒத்துப் பாருங்கள்.