சுவிட்சர்லாந்துக்கு எந்த மாதம்? தேதி குறிக்கும்போதே நடக்கும் தவறுகள்

முதல்முறை சுவிட்சர்லாந்து போகிறவர்கள் விசாவுக்கு என்ன காகிதம், குளிருக்கு என்ன ஜாக்கெட் என்றெல்லாம் நன்றாகவே விசாரித்துக்கொள்கிறார்கள். அதனால் பாஸ்போர்ட் காலாவதி, இன்சூரன்ஸ் சமாச்சாரங்களை இங்கே விட்டுவிடலாம். பெரிய காசு வீணாவது தேதி குறிக்கும்போதுதான்.

மே மாதத்தைக் கோடை என்று நம்புவது

ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிற தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இருபது நிமிடம் செலவழித்தால் தவிர்த்துவிடலாம். பள்ளிக்கு லீவு விட்டதும் மே முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இங்கே அக்னி நட்சத்திரம், அங்கேயும் குளிர் போயிருக்கும் என்று ஒரு கணக்கு. மலையடிவார ஊரான இன்டர்லாக்கனில் இறங்கினால் அந்தக் கணக்கு சரி என்றே தோன்றும். ஏரி நீலமாக இருக்கும், மரங்கள் துளிர்த்திருக்கும். அடுத்த நிலையமான வில்டர்ஸ்விலுக்குப் போய் ஷீனிகே பிளாட்டே மலைக்குப் பல்சக்கர ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். 1,967 மீட்டர் உயரத்துக்குப் போகும் அந்த ரயில் ஜூன் நடுப்பகுதியை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும்.

அந்த நாட்டில் பருவம் மாதத்தை மட்டும் பொறுத்ததில்லை, உயரத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மே நடுவில் 1,000 மீட்டருக்குக் கீழே வசந்தம். 3,000 மீட்டருக்கு மேலே எப்போதும் போலப் பனி. சிக்கல் இரண்டுக்கும் நடுவில், 1,500 முதல் 2,300 மீட்டர் வரை உள்ள அடுக்கில் இருக்கிறது. பச்சைப் புல்வெளி, மஞ்சள் பூ, மேயும் மாடு, பின்னால் வெள்ளைச் சிகரம் என்று நீங்கள் ஆசைப்பட்ட படமெல்லாம் பெரும்பாலும் இந்த அடுக்கில் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பருக்குள் எடுத்தது. மே மாதத்தில் அங்கே இருப்பது பழுப்புப் புல்லும் சேறும் அழுக்கேறிய பனித் திட்டும்தான்.

அதே வாரங்களில்தான் பல கேபிள் கார்களும் நிற்கும். ஈஸ்டரை ஒட்டிப் பனிச்சறுக்குக் கூட்டம் வடிந்துவிடும். மீதிப் பனி சறுக்கவும் உதவாது, நடக்கவும் விடாது. இந்த இடைவெளியில் கம்பிவடத்தைச் சோதிப்பது, பிடிப்பான்களைக் கழற்றிப் பார்ப்பது, உருளைகளை மாற்றுவது என்று வேலையை முடித்துக்கொள்கிறார்கள். பழனி ரோப் கார் ஆண்டுக்கொரு முறை வாரக்கணக்கில் நிற்குமே, அதே காரணம்தான். கால அட்டவணையில் ‘ரிவிஷன்’ என்று போட்டிருந்தால் இதுதான் பொருள். மூரன், வெங்கன் போன்ற மலைக் கிராமங்களில் பல ஹோட்டல்களும் இந்த நாட்களில் பூட்டியிருக்கும்.

கார் எடுத்து ஓட்டலாம் என்பவர்களுக்கும் இதே கதிதான். ஃபுர்க்கா (2,429 மீட்டர்), சூஸ்டன் (2,224 மீட்டர்), கிரிம்சல் (2,164 மீட்டர்) கணவாய்ச் சாலைகள் பனியை வெட்டி ஒதுக்கிய பிறகே திறக்கும். சில ஆண்டுகளில் மே கடைசி, சில ஆண்டுகளில் ஜூன் பாதி.

இன்னொன்று, ஆபத்தானது. ‘பாதை பாதிக்கு மேல் காய்ந்திருக்கிறதே, போய்விடலாம்’ என்று சாதா ஸ்போர்ட்ஸ் ஷூவோடு ஏறிவிடாதீர்கள். நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி கல்லாக இறுகிக் கிடக்கும். கால் வழுக்கினால் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. பாதையின் குறுக்கே பனி கிடந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பிள்ளைகளின் லீவை மாற்ற முடியாது, மே மாதம்தான் முடியும் என்றால் இடங்களை மாற்றுங்கள். 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக், 3,089 மீட்டரில் உள்ள கோர்னர்கிராட் இரண்டுக்கும் ரயில் ஆண்டு முழுவதும் உண்டு. 1871 முதல் ஓடும் ரிகி மலை ரயிலும் அப்படியே. அருவிகளுக்கு மே, ஜூனை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. லாட்டர்புருனென் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவி, பனி உருகும் நாட்களில் இரைச்சலோடு கொட்டும். கோடை முடிவில் போனால் நீர் நூலாகி, பாதி வழியிலேயே காற்றில் கலைந்துவிடும். ஆல்ப்ஸுக்குத் தெற்கே லுகானோ, லொகார்னோ பக்கம் வசந்தம் முன்னதாகவே வந்திருக்கும். தங்குவதற்கு மலைக் கிராமம் வேண்டாம். லூசெர்ன், தூன், மொந்த்ரோ போல ஏரிக்கரை ஊராகப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். போக நினைக்கும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உயரத்தைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு மலை ரயில், கேபிள் கார் நிறுவனத்தின் இணையதளத்திலும் இயக்க நாட்காட்டியைத் திறந்து, நீங்கள் போகும் தேதியைத் தேடுங்கள். முகப்பில் ‘திறந்திருக்கிறது’ என்று இருப்பது இன்றைய நிலவரம், அதை நம்பிப் பயனில்லை. கடைசியாக வெப்கேம். சுற்றிலும் படம் பிடிக்கும் ‘ரவுண்ட்ஷாட்’ வெப்கேம்களில் பழைய படங்களும் சேமிப்பில் இருக்கும். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அதே தேதியில் அந்த மலை எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று நவம்பரில் போவது

வேண்டாம். மறுபடியும் ரிவிஷன், கூடவே மூடுபனி.

ஜூலை, ஆகஸ்டில் மதியம் மலை ஏறுவது

வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழும்பி, நண்பகலுக்குள் சிகரத்தை மேகம் மூடிவிடும். மாலையில் இடி மின்னல். காலை ஏழு மணிக்கு வெப்கேமைப் பாருங்கள், தெளிவாக இருந்தால் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரே ஊரில் மூன்று இரவாவது தங்கினால்தான் நல்ல நாளைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். சிகர டிக்கெட்டைத் தேதி போட்டு வெகு முன்னதாக வாங்குவது மேகத்துக்குப் பணம் கட்டுவது போலத்தான்.

டிசம்பரில் எங்கும் பனி என்று நினைப்பது

சூரிச் 408 மீட்டர், லூசெர்ன் 435 மீட்டர். இந்த உயரத்தில் கிறிஸ்துமஸ் அன்று தரை வெறுமையாக இருப்பது சகஜம். அதற்குப் பதில் நாள்கணக்கில் சாம்பல் நிற மூடுபனி கவிந்திருக்கும். 1,000 மீட்டரைத் தாண்டினால் பல நாட்களில் அதே நேரத்தில் பளீரென்று வெயில் அடிக்கும். சூரியன் நாலரை மணியை ஒட்டி மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் 24ஆம் தேதிக்குள் முடிந்துவிடும், 26 அன்று போய்த் தேடுவதில் பலனில்லை.

பனியில் விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 1,500 மீட்டருக்கு மேல் தங்குங்கள். செர்மாட் 1,608 மீட்டர், மூரன் 1,638 மீட்டர். பிப்ரவரியில் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் பனிச்சறுக்கு விடுமுறை, அறை கிடைப்பது கஷ்டம். மார்ச் இன்னும் நல்லது. பனியும் ஆழமாக இருக்கும், பகலும் நீண்டிருக்கும்.

செப்டம்பரைக் கண்டுகொள்ளாமல் விடுவது

கேபிள் கார்கள் ஓடும், கணவாய்கள் திறந்திருக்கும், இடிமழை குறைந்து காற்று துலங்கியிருக்கும். மேய்ச்சலுக்கு மேலே போன மாடுகளுக்குப் பூச்சூட்டி, பெரிய மணி கட்டி ஊருக்கு ஓட்டி வருவதும் இந்த மாதத்தில்தான். காலாண்டு விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்க்க முடிந்தால் மே மாதப் பயணத்தைவிட இதற்கே என் ஓட்டு. அக்டோபர் நடுவில் எங்கடீன் பள்ளத்தாக்கில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும், அதற்காகவே போகிறவர்களும் உண்டு. ஆனால் செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே ஓடும் சுற்றுலா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸ் அக்டோபர் நடுவில் நின்றால் டிசம்பரில்தான் மறுபடி ஓடும். அதிலும் ஏற வேண்டும் என்றால் அதன் கடைசி நாளைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.