ரெக்கவரி மோடில் டிஸ்க் பிரித்து ஃபார்மட் செய்வது எப்படி

லேப்டாப் விண்டோஸுக்குள் போகாமல் நின்றுவிட்டால் பலர் நேராக ஃபார்மட்டில்தான் கை வைக்கிறார்கள். வீட்டுப் பட்டா ஸ்கேன், பிள்ளைகளின் மார்க் ஷீட், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் படங்கள் எல்லாம் அதோடு போய்விடுகின்றன. விண்டோஸ் திறக்காவிட்டாலும் ரெக்கவரி மோடிலிருந்தே (விண்டோஸைப் பழுதுபார்க்கும் தனித் திரை) அவற்றை எடுத்துவிடலாம். எடுத்த பிறகு டிஸ்க்கைத் தொடுங்கள்.

முதலில் கரண்ட். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை பெய்யும்போதும், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலும் இந்த வேலை வேண்டாம். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில், வேறொரு கம்ப்யூட்டரை வைத்து விண்டோஸ் இன்ஸ்டால் மீடியா தயாராக இருக்க வேண்டும். டிஸ்க்கை முழுசாகத் துடைத்தால் அதிலுள்ள ரெக்கவரி பகுதியும் சேர்ந்தே போகும். பிறகு பூட் ஆக இந்தப் பென் டிரைவ்தான் கதி.

லாகின் திரை வந்தால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வராவிட்டால் பென் டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் நேராகக் கமாண்ட் பிராம்ப்ட் வரும். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனும் சேர வேண்டும். ரீஸ்டார்ட் வழியில் வரும் ரெக்கவரி மெனுவில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது இல்லாமல் உள்ளேயிருக்கும் ஃபைல்களை எடுக்க முடியாது.

கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தெடுத்தால் எல்லா டிரைவும் தெரியும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டாமல் உறைந்த மாதிரி இருக்கும், பொறுத்திருங்கள். இங்கே டிரைவ் எழுத்து மாறும். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்று தெரியலாம். எழுத்தை நம்பாமல் உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய ஃபைல் இருந்தால் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை நல்லது. ஆனால் /ஆர்:1 /டபிள்யூ:1 சேர்க்காவிட்டால், படிக்க முடியாத ஒரே ஃபைலுக்காக 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டிருக்கும்.

வழக்கமான டி டிரைவில் படங்கள் பத்திரமாக இருந்து, விண்டோஸ் பகுதி மட்டும் கெட்டிருந்தால் டிஸ்க் முழுவதையும் துடைக்கத் தேவையே இல்லை. பென் டிரைவ் மூலம் இன்ஸ்டால் செய்யும்போது அந்தப் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவுதான் வேண்டியது.

முழுசாகப் பிரிக்க, அதே கறுப்புத் திரையில் ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’. இங்கே அவசரம் கூடவே கூடாது. 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 256 ஜிபி 238 என்றும், 16 ஜிபி பென் டிரைவ் 14 என்றும் தெரியும். அளவை வைத்து அடையாளம் கண்டு ‘செலக்ட் டிஸ்க் 0’ (உங்களுக்கு என்ன எண்ணோ அது), உடனே ‘டீட்டெயில் டிஸ்க்’ போட்டு மாடல் பெயரை ஒத்துப் பாருங்கள். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இந்தக் கட்டத்தில் கழற்றியே விடுங்கள். டிஸ்க்கைத் துடைக்கும் அடுத்த கட்டளையான ‘க்ளீன்’, ஆமாவா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்காது.

க்ளீன் முடிந்ததும் வரிசையாக (ஜிபிடி என்பது பார்ட்டிஷன், அதாவது டிஸ்க் பகுதி விவரத்தை எழுதும் புது முறை; இஎஃப்ஐ பூட் ஆவதற்கும், எம்எஸ்ஆர் விண்டோஸின் உள்வேலைக்கும் உள்ள சிறு பகுதிகள்):

கன்வெர்ட் ஜிபிடி
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=ஃபேட்32
கிரியேட் பார்ட்டிஷன் எம்எஸ்ஆர் சைஸ்=16
கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி சைஸ்=153600
ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்
கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி
ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்

இவற்றை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். அளவு எம்பி கணக்கு; 150 ஜிபிக்கு 150 × 1024 = 153600. கடைசி பார்ட்டிஷனுக்கு அளவு கொடுக்காததால் மீதி இடம் முழுவதும் அதற்குப் போகும்.

2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அந்தக் காலத்து மெஷினில், க்ளீன் போடும் முன் லிஸ்ட் டிஸ்க்கில் ஜிபிடி கீழே நட்சத்திரக் குறி இல்லையென்றால் அது எம்பிஆர் என்ற பழைய முறை. அதற்கு க்ளீனுக்குப் பிறகு ‘கன்வெர்ட் எம்பிஆர்’ போட்டு, இஎஃப்ஐ, எம்எஸ்ஆர் இரண்டையும் விட்டுவிட்டு, முதல் பிரைமரிக்கு ‘ஆக்டிவ்’ கொடுங்கள். இன்ஸ்டாலர் ‘ஜிபிடி டிஸ்க், இதில் போட முடியாது’ என்றால் பென் டிரைவ் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ (புது பூட் முறை) என்று இருக்கும் வரியில் நுழையுங்கள்.

லிஸ்ட் டிஸ்க்கில் பென் டிரைவ் மட்டும் தெரிந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 11-வது தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்பில் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் நிர்வாக வசதி) டிரைவர் ஏற்றினால்தான் டிஸ்க் கண்ணில் படும். ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று வந்தால் டிஸ்க்கையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டும். கேபிளை மாற்றியும் அதே பிழை வந்தால் எத்தனை முறை ஃபார்மட் செய்தும் பயனில்லை. புது எஸ்எஸ்டி வாங்குங்கள்.

விற்கப் போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு வெறும் க்ளீன் போதாது. அது பார்ட்டிஷன் விவரத்தை மட்டுமே நீக்கும், ஃபைல்களை மீட்டுவிடலாம். ‘க்ளீன் ஆல்’ ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். பல மணி நேரம் திரையில் எதுவும் நகராது. இரவில் போட்டுவிட்டு நடுவில் அணைக்காமல் விடுங்கள்.