த்ரீ நாட் த்ரீயைப் பிரிப்பது எப்படி: பின்கட்டையைக் கடைசியில் தொடுங்கள்

ஊரில் கருவூல வாசலில் காவலுக்கு நிற்பவரின் தோளில் தொங்கிய அந்த நீளத் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் "த்ரீ நாட் த்ரீ" என்று சொன்னால் போதும். அதுதான் லீ என்ஃபீல்ட். பென்சில்வேனியாவில் குடியேறிப் பல வருடம் கழித்து நானும் ஒன்று வாங்கினேன். 1942இல் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். வாங்கிய இரண்டாம் நாளே அதன் மரத்தில் விரிசல் விழ வைத்தேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதைச் சும்மா படித்துவிட்டு நகரலாம். அங்கே .303 தடைசெய்யப்பட்ட ரகம். அமெரிக்காவில் 50 வருடத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டாலர். உங்கள் மாநிலச் சட்டம் வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

பின்கட்டை (தோளில் பதியும் மரம்) நுழையும் இரும்புக் கழுத்தின் வலது பக்கத்தைப் பாருங்கள். கிரீடம், அதன்கீழே ஜி.ஆர்.ஐ. என்ற பிரிட்டிஷ் மன்னரின் எழுத்துகள், ஊர்ப் பெயர், வருடம் எல்லாம் அங்கே இருக்கும். சுதந்திரத்துக்குப் பின் செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபாக்டரி இச்சாப்பூர்) என்ற எழுத்தும் வந்துவிடும். அடுத்து வரிசை எண். இரும்பு உடல், போல்டின் (குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி, மூக்கு மூடி (முன்நுனியிலுள்ள இரும்பு மூடி), பின் குறிகாட்டி, முன்கட்டை (குழலுக்கு அடியில் ஓடும் மரம்) எல்லாவற்றிலும் ஒரே எண் என்றால் நல்ல சரக்கு. போல்ட் எண் மட்டும் மாறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். டி.பி. என்று அடித்திருந்தால் அது டிரில் பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கி, ஒருபோதும் சுடக் கூடாது.

முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு ஓடுவதைப் பார்த்து ஒட்டுப்போட்ட மரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது இச்சாப்பூர்க்காரர்கள் மரம் பிளக்காமலிருக்க வேண்டுமென்றே போட்டது. எனக்கு அது ஒரு அழகு.

பிரிப்பது

முதலில் குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். போல்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் தூக்கினால் கையோடு வந்துவிடும். மேகசின், வார் எல்லாம் சுலபம்.

திருப்புளி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஆப்பு வடிவத் திருப்புளி திருகின் பள்ளத்தை மேலே மட்டும் பிடித்து வழுக்கும், தலை சிதைந்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்றே முனையை இணையாகத் தேய்த்த பிட்டுகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

மூக்கு மூடியின் இரண்டு திருகுகளையும் எடுத்து, மூடியை முன்னால் இழுங்கள். நடு வளையத்தைத் திறந்து, மேலே இருக்கும் கைகாப்பு மரங்களைக் கழற்றுங்கள். விசைக்காப்பின் இரண்டு திருகுகள், அப்புறம் முன்கட்டையின் அடியிலுள்ள உள்வளையத் திருகும் அதன் ஸ்பிரிங்கும். முன்கட்டை நுனியில், குழலை மேல்நோக்கித் தள்ளும் ஒரு சின்ன ஊசியும் ஸ்பிரிங்கும் உட்கார்ந்திருக்கும். அவை உருண்டு போய்விடும், அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். முன்கட்டை இறுகியிருந்தால் நுனியைப் பிடித்து நெம்பாதீர்கள். பின்பக்கத்தையும் சேர்த்துச் சமமாகக் கீழே இறக்குங்கள்.

இப்போதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். என் துப்பாக்கியின் பின்கட்டை லேசாக ஆடியது. பின்கட்டை முனையின் பித்தளைத் தகட்டில் இருக்கும் மூடியைத் திறந்தால் உள்ளே ஆழத்தில் ஒரு தோல் அடைப்பு, அதற்கும் கீழே நீளமான போல்ட்டின் தலை. இது குண்டைத் தள்ளும் போல்ட் இல்லை, பின்கட்டையை இரும்போடு பிணைக்கும் மரையாணி. சரி, இறுக்கினால் போயிற்று என்று நீளத் திருப்புளியை விட்டுக் கால் சுற்று திருப்பினேன். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவது போல ஒரு சின்ன "டிக்". முன்கட்டையின் பின்முனையில் மயிரிழை விரிசல்.

காரணம் இதுதான். அந்தப் போல்ட்டின் முன்முனை சதுரம். அது இரும்புக் கழுத்தைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு தகட்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். போர்க்களத்தில் போல்ட் தானாகத் தளரக் கூடாது என்பதற்கான பூட்டு அது. முன்கட்டையை இறக்காமல் போல்ட்டைத் திருப்பினால், சதுரம் அந்தத் தகட்டை நெம்பும், தகடு மரத்தைப் பிளக்கும். ஆகவே முன்கட்டை முழுதாகக் கீழே வந்த பிறகுதான் பின்கட்டை போல்ட். இறுக்குவதென்றாலும் அதே வரிசை.

திரும்ப மாட்டும்போது சதுரத்தின் பக்கங்கள் நேராக நிற்கும்படி போல்ட்டை நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் முன்கட்டை உட்காராது. அப்போது சுத்தியலை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள்.

என் விரிசலில் மெல்லிய எபாக்சியை ஊசியால் விட்டு, ஒரு நாள் கட்டி வைத்தேன். பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது.

சுத்தம்

கிடங்கில் பூசிய கிரீஸ் இரும்பில் இருந்தால் பெயிண்ட் தின்னர் போதும். மரத்தில் ஊறியிருந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வையுங்கள், வியர்ப்பது போல வெளியே வரும், துடைத்துக்கொண்டே இருங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்தில் அடித்த முத்திரைகள் போனால் துப்பாக்கியின் சரித்திரமே போச்சு.

துணைப்பொருட்கள்

பின்கட்டை மூடிக்குள் இரண்டு பொருள் இருக்க வேண்டும், பித்தளை எண்ணெய்க் குப்பியும் புல்த்ரூவும். புல்த்ரூ என்பது குழலைத் துடைக்க, ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, மூன்று கண்ணிகள் உண்டு. குண்டுக்கு அருகே உள்ளது கம்பிவலைக்கு, நடுவில் இருப்பது நாலுக்கு இரண்டு அங்குலத் துணிக்கு. கடைசிக் கண்ணி, கயிறு குழலுக்குள் சிக்கிக்கொண்டால் இழுத்தெடுக்க. துணியை அளவுக்கு மேல் தடித்து மடித்தால் அந்தக் கடைசிக் கண்ணியின் அருமை தெரியும்.

பயோனெட் (துப்பாக்கி நுனியில் மாட்டும் கத்தி) 1907 மாதிரி, 17 அங்குல அலகு. இந்தியாவில் அதை 12 அங்குலம் வரை குட்டையாக்கினார்கள். விற்பவர்கள் குட்டையைப் பார்த்து "வெட்டிக் கெடுத்தது" என்பார்கள். இச்சாப்பூர்த் துப்பாக்கிக்கு அதுவே பொருத்தம், விலையும் குறைவு. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதுவது போன்ற முத்திரை இருந்தால் திருட்டுச் சரக்கோ என்று பதற வேண்டாம், அரசே விற்றுத் தள்ளிய அடையாளம் அது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் "என்னிடம் இருப்பது நம்பர் 4, அதிலும் இப்படியா?" என்று கேட்டிருந்தார். நம்பர் 4 என்பது லீ என்ஃபீல்டின் பிந்தைய மாதிரி. பெரும்பாலும் இல்லை. அதில் சதுர முனைக்குப் பதில் ஸ்பிரிங் வாஷர், பின்கட்டையை நேராகக் கழற்றலாம்.

இன்னொருவர் பழைய ராணுவக் குண்டுகளைச் சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருக்கிறார், ஒரு வாரத்தில் குழலுக்குள் துரு. அந்தக் குண்டுகளின் பிரைமர் (அடியில் இருந்து நெருப்பு மூட்டும் மருந்து) உப்பை விட்டுச்செல்லும், உப்பு எண்ணெயில் கரையாது. புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றுங்கள், துடைத்துக் காயவிட்டுப் பிறகு எண்ணெய். அதற்கும் முன்னால், சுடுவதற்கே முன்னால், ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் இடையிலான இடைவெளி) பார்த்துக்கொள்ளுங்கள். 0.064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக் கூடாது. என்னுடையது 0.074ஐயும் விழுங்கிவிட்டது. வேறு போல்ட் தலை கிடைக்கும்வரை சுவரில்தான் தொங்குகிறது.