சின்னப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைச் சரியாகக் கணக்குப் போடுவது எப்படி?

சென்னையில் பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "போன வருஷம் எத்தனை பர்சென்ட்?" பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களும் இதையே கேட்கிறார்கள். பதிலாக வரும் எண் பொய்யில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேர் மட்டுமே படிக்கும் பள்ளியை அந்த ஒரு எண்ணை வைத்து எடைபோடுவது அநியாயம். நோட்டு, பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரியான கணக்கைப் போட்டுவிடலாம்.

முதலில், எந்த வகைப் பள்ளி என்று எழுதிக்கொள்ளுங்கள்

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை, மேல்நிலைப் பள்ளி என்றால் பிளஸ் டூ வரை. நடத்துவது மாநகராட்சியா, பள்ளிக் கல்வித் துறையா, அரசு உதவி பெறும் நிர்வாகமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பள்ளியின் யூடைஸ் எண்ணை, அதாவது நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். அது 11 இலக்க எண். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியைத் தேடினால் வகுப்புவாரியாக எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்ற விவரம் கிடைக்கும். உள்ளே போக கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை.

சதவீதத்தை விட்டுவிட்டு தலைகளை எண்ணுங்கள்

தலைமையாசிரியரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர். மூன்று வருடங்களுக்கு வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பள்ளி. முதல் வருடம் 20 பேரில் 18 பேர் பாஸ்: 90 சதவீதம். அடுத்த வருடம் 22 பேரில் 17 பேர்: 77.3. மூன்றாம் வருடம் 23 பேரில் 21 பேர்: 91.3. சதவீதத்தை மட்டும் பார்த்தால் நடுவில் பள்ளி சரிந்து, மறுபடி எழுந்ததுபோலத் தெரியும். உண்மையில் நடந்தது என்ன? முதல் வருடம் பெயில் ஆனவர்கள் இரண்டு பேர், இரண்டாம் வருடம் ஐந்து பேர். கூடுதலாக மூன்றே பிள்ளைகள். இருபது பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து தேர்வு கெட்டாலே 5 சதவீதம் போய்விடும். அதனால் மூன்று வருடத்தையும் கூட்டுங்கள்: 65 பேரில் 56 பேர், அதாவது 86.2 சதவீதம். இந்தப் பள்ளியைப் பற்றிப் பேச இதுதான் நம்பத்தகுந்த எண்.

பழைய வருடங்களைச் சேர்க்கும்போது 2020, 2021 இரண்டையும் விட்டுவிடுங்கள். கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை, எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள்

இந்த வேலையில் எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடப்படுவது. அதற்கு முன்பே பள்ளியை விட்டுப் போன பிள்ளை அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

மேலே சொன்ன மூன்றாம் வருடத்தையே எடுத்துக்கொள்வோம். 23 பேர் எழுதினார்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாவதில் இருந்தபோது வகுப்பில் 31 பேர் என்று யூடைஸ் காட்டுகிறது என்று வையுங்கள். எட்டுப் பேர் எங்கே? பள்ளியில் இப்படிக் கேளுங்கள்: "மேடம், ஒன்பதாவதுல 31 பேர் இருந்தாங்க. டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூலுக்குப் போனவங்க எத்தனை பேர், படிப்பையே நிறுத்தினவங்க எத்தனை பேர்?" ஐந்து பேர் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள், மூன்று பேர் இடைநின்றுவிட்டார்கள் என்று பதில் வந்தால், ஐந்தைக் கழியுங்கள். 26 பேரில் 21 பேர், அதாவது 80.8 சதவீதம். பள்ளி சொல்லும் 91.3-க்கும் இதற்கும் நடுவே மூன்று பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. பத்தாவதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருந்தால் அவர்களையும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் வீடுகளை அகற்றி, குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பும்போது, நகருக்குள் இருக்கும் ஒரு பள்ளியில் வகுப்பே பாதி காலியாகலாம். அது தலைமையாசிரியரின் தவறில்லை. அதேபோல், போய்ச் சேர்ந்த இடத்துப் பள்ளி படிப்பின் நடுவில் வந்த பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்செய்கிறது. அந்தப் பள்ளியின் விகிதம் குறைந்தால் அதைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது?

2024-இல் மாநில அளவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 91.55 சதவீதம். அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 87.90. மெட்ரிக் பள்ளிகளும் சேர்ந்த முதல் எண்ணோடு மாநகராட்சிப் பள்ளியை நிறுத்தினால் ஆரம்பத்திலேயே தோற்கடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், பள்ளியை அதன் சொந்தப் பழைய வருடங்களோடு ஒப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் நேர்மையானது.

பாட வாரியாகப் பாருங்கள்

ஒரு பாடத்துக்குப் பாஸ் மார்க் 35. எல்லோரும் 35, 38 என்று கரையேறிய வகுப்பும், பாதிப் பேர் 70-க்கு மேல் வாங்கிய வகுப்பும் சதவீதத்தில் ஒன்றுதான். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கிடைக்கும் என்பதை மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. பெயில் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே பாடத்தில் விழுந்திருந்தால், அந்தப் பாடத்துக்கு வருடம் முழுக்க ஆசிரியர் இருந்தாரா என்று கேளுங்கள். சின்னப் பள்ளியில் கணக்குக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். அவர் மாறுதலில் போய் இடம் காலியாகக் கிடந்தால் மாற்று ஆள் கிடையாது.

பெயில் ஆனவர்கள் என்ன ஆனார்கள்?

ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு நடக்கும். தேறினால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். எத்தனை பேரை அந்தத் தேர்வுக்கு அழைத்து வந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். விடுமுறையிலும் வீடு தேடிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரும் ஆசிரியர் இருக்கும் பள்ளி எனக்கு நல்ல பள்ளி, அதன் சதவீதம் எதுவானாலும்.

கேட்டும் தரவில்லை என்றால்

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அங்கும் நடக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகை முகவரியிட்டு, மாநகராட்சிக் கல்வித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை, பத்தாம் வகுப்புச் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ் பெற்றவர்கள், இடைநின்றவர்கள், தேர்வு எழுதியவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள், பாட வாரியாகத் தேறாதவர்கள், காலிப் பணியிடங்கள். மாணவர் பெயரோடு மதிப்பெண் கேட்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம், நம் கணக்குக்கும் அது தேவையில்லை.