யிடாக்கியை முதலில் கேளுங்கள், பீட்டை அப்புறம் போடுங்கள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ராப் கலைஞர் ஒருவரோடு பாட்டு செய்ய வாய்ப்பு வருகிறது. இசைத் தயாரிப்பாளர் உற்சாகமாக லேப்டாப்பைத் திறந்து பீட், அதாவது ராப்புக்கான தாளப் பின்னணி, போடுகிறார். ஏற்கெனவே பதிவு செய்த ஒலித்துண்டுகளின் சாம்பிள் தொகுப்பிலிருந்து டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் வாத்தியத்தின் சத்தத்தை எடுத்து அதன் மேல் வைக்கிறார். கலைஞர் வந்து சேர்வதற்குள் பாதிப் பாட்டு முடிந்துவிடுகிறது. இந்த அவசரத்திலிருந்துதான் மற்ற தவறுகள் பெரும்பாலும் கிளைக்கின்றன.

அந்த டிஜெரிடூவையே எடுத்துக்கொள்வோம். வட ஆஸ்திரேலியாவில் உள்ள வடகிழக்கு ஆர்னம் லேண்டின் யோல்ங்கு மக்கள் அதை யிடாக்கி என்பார்கள். கறையான் உள்ளே குடைந்துவிட்ட யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வெட்டி, பட்டையைச் சீவிச் செய்வது. ஒரு யிடாக்கிக்கு ஓர் அடிப்படைச் சுருதிதான். அதன் நீளமும் உட்குழியின் வடிவமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நாகஸ்வரக்காரரோடு வேலை செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பீட்டை ஏதோ ஒரு சுருதியில் முடித்துவிட்டு, யிடாக்கியைப் பதிவு செய்து மென்பொருளில் அதன் சுருதியை மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும், ஆனால் உயிர் போய்விடும். ஊதுபவர் நாக்கையும் கன்னத்தையும் அசைத்து உண்டாக்கும் நெளிவுகள்தான் அந்த வாத்தியத்தின் பேச்சு. சுருதியை நகர்த்தும்போது அந்தப் பேச்சும் கோணிக்கொள்கிறது. அதனால் முதலில் யிடாக்கியை ஊதச் சொல்லிக் கேளுங்கள், சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பேஸ் வரியை அதற்கு இசைவாக எழுதுங்கள்.

அதே சமயம், பூர்வகுடி என்றாலே டிஜெரிடூ என்பதும் தவறுதான். அது வடக்கு ஆஸ்திரேலியாவின் வாத்தியம். ராப்பர் பிரிக்ஸ் விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்டனைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். ஊரும் வேறு, மரபும் வேறு. ஐரோப்பியர் வந்து இறங்கியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. எந்த மக்கள், எந்த ஊர், எந்த மொழி என்று கேட்காமல் ஸ்டுடியோவுக்குள் போகவே கூடாது.

பூர்வகுடிக் கலைஞர் கதை சொல்ல வந்தவர், இசையறிவு வெளியிலிருந்து வர வேண்டும் என்றொரு நினைப்பும் பலருக்கு இருக்கிறது. பிரிக்ஸும் டிரையல்ஸும் சேர்ந்த ஏ.பி. ஒரிஜினல் என்ற ராப் குழு 2016இல் வெளியிட்ட ‘ரீக்ளெய்ம் ஆஸ்திரேலியா’ தொகுப்பு ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸ் விருதை வென்றது. அதன் இசையமைப்பில் முதுகெலும்பாக நின்ற டிரையல்ஸ் ஙரிண்ஜெரி இனத்தவர். அவர்களிடம் அரசியலைப் பற்றிக் கேட்பது சரி, ஆனால் அந்த டிரம்ஸ் ஏன் அப்படி அடிக்கிறது என்றும் கேளுங்கள்.

அடுத்து மொழி. தமிழ்க் காதுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ஆர்னம் லேண்டின் மிலிங்கிம்பி, மனிங்கிரிடா பகுதிகளில் வளர்ந்த ராப்பர் பேக்கர் பாய் ஆங்கிலத்தோடு யோல்ங்கு மக்களின் மொழியான யோல்ங்கு மத்தாவிலும் ராப் பாடுகிறார். மத்தா என்றால் நாக்கு. ‘நான்’ என்பதற்கு அந்த மொழியில் ‘ஙர்ரா’. நம் அரிச்சுவடியில் இருந்தும் சொல்லின் முதலில் நாம் அதிகம் பயன்படுத்தாத ங அங்கே இயல்பாக முதலில் வருகிறது. நா மடித்துச் சொல்லும் ட, ண, ள போன்ற ஒலிகளும் குறில் நெடில் வேறுபாடும் அங்கே பொருளை மாற்றும். ஆங்கிலம் மட்டுமே பழகிய காதுக்கு இவை நழுவிப்போகும். தாளத்தில் உட்காரவில்லை என்று ஒரு நெடிலைக் கத்தரித்தால் என்ன ஆகும்? நம்மில் ‘கால்’ ‘கல்’ ஆவது போல ஆகிவிடும். குரல் டேக்குகளை வெட்டி ஒட்டும் வேலையைக் கலைஞர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். பேக்கர் பாயின் ‘மர்யுனா’ 2017ஆம் ஆண்டுக்கான டிரிபிள் ஜே வானொலியின் நேயர் வாக்கெடுப்பில் 17ஆம் இடம் பிடித்தது. யோல்ங்கு வரிகளை ஆங்கிலமாக்கினால்தான் ஓடும் என்று இன்னும் யாராவது சொன்னால் அதை நினைவூட்டலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பங்கு பிரிப்பதில் நடக்கிறது. பீட்டுக்குப் பாதி, வரிகளுக்குப் பாதி என்பது ஹிப் ஹாப்பில் பழகிய கணக்கு. ஆனால் பாட்டின் நடுவே வரும் அந்தப் பழைய மெட்டைக் கொடுத்த பெரியவர் இந்தக் கணக்கில் எங்கே? அது ஒரு குலத்துக்குச் சொந்தமான பாட்டாக இருந்தால், கலைஞர் ஒருவரே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதும் போதாது. 1998இல் பூர்வகுடி ஓவியர் ஜான் புலுன் புலுனின் ஓவியம் பற்றிய வழக்கில், ஓவியர் தன் மக்களின் சடங்கு அறிவைக் காக்கும் கடமை உடையவர் என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. குலத்துக்குக் கூட்டுப் பதிப்புரிமை உண்டு என்று மட்டும் ஏற்கவில்லை. சட்டம் விட்டுவைத்த அந்த இடைவெளியை ஒப்பந்தம்தான் அடைக்க வேண்டும். யாரிடம் அனுமதி கேட்டோம், எதற்கு மட்டும் கிடைத்தது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவுக்கு முன்பே எழுதிவிடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு பேச உட்கார்ந்தால் உறவும் கெடும்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் டார்லிங் ஆற்றங்கரை ஊரான வில்கேனியாவின் பூர்வகுடிச் சிறுவர்கள், மார்கானிக்ஸ் என்ற ஹிப் ஹாப் கலைஞரோடு சேர்ந்து 2002இல் ஆற்றையும் மீன்பிடிப்பையும் பற்றி ஒரு பாட்டு செய்தார்கள். ஈழத்தமிழ் வேர் கொண்ட எம்.ஐ.ஏ. 2007இல் தன் ‘காலா’ தொகுப்பில் அதைச் சேர்த்தபோது, பையன்களின் குரல்களை அப்படியே வைத்துத் தன் வரிகளை உடன் சேர்த்தார். வில்கேனியா மாப் என்ற அவர்கள் பெயரும் பாட்டோடு இருக்கிறது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று, பலரும் யோசிக்காதது. பல பூர்வகுடிச் சமூகங்களில் ஒருவர் இறந்த பிறகு சில காலம் அவர் பெயரைச் சொல்வதில்லை, குரலையும் படத்தையும் வெளியிடுவதில்லை. 2017இல் மறைந்த யோல்ங்குப் பாடகரை ஊடகங்கள் டாக்டர் ஜி. யுனுபிங்கு என்றே குறிப்பிட்டது இதனால்தான். பழைய ஒலிப்பதிவிலிருந்து சாம்பிள் எடுக்கும் முன் அந்தக் குரல் யாருடையது, அவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உங்கள் பாட்டில் பாடியவர் பின்னாளில் மறைந்தால், குடும்பம் கேட்கும் காலம்வரை பாட்டையும் வீடியோவையும் நிறுத்திவைப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். குடும்பத்தின் சார்பில் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.