பாம்பெர்க் புகை பீர்: விறகையும் தானியத்தையும் பிரித்துச் சுவைப்பது எப்படி

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ரௌக்பியரை, அதாவது புகை பீரை, முதன்முறை குடிப்பவர்களில் பாதிப் பேர், ஒரு மடக்கிலேயே குவளையைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். "புகையில் வாட்டிய பன்றிக்கறி மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் புகைக்குக் கீழே அருமையான மால்ட் (முளைவிட்டு உலர்த்திய தானியம்) காத்திருக்கிறது. நான் இருப்பது நூரம்பெர்க்கில். பாம்பெர்க் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஊரிலிருந்து வரும் நண்பர்களை அங்கே அழைத்துப் போகும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வரும் வனிலா, தேங்காய் வாசனையை இதில் தேடாதீர்கள். இங்கே மரம் பீப்பாய் வழியாக வரவில்லை, நெருப்பு வழியாக வருகிறது. முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது அடியில் பீச் (beech) மர விறகு எரியும். ஈரத் தானியம் அந்தப் புகையை உள்வாங்கிக்கொள்ளும். ஒரு காலத்தில் பல ஊர்களிலும் இப்படித்தான் உலர்த்தினார்கள். புகை தொடாத சூடான காற்றில் உலர்த்தும் முறை வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லா, ஸ்பெஸியால் என்ற இரண்டு பழைய ஆலைகள் மட்டும் இன்றும் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையூட்டுகின்றன.

வீட்டில் சுவைப்பதென்றால் ஷ்லெங்கெர்லாவின் மெர்ட்ஸன் என்ற புகை பீர் ஒரு பாட்டில் வாங்குங்கள். 5.1 சதவீதம் ஆல்கஹால், செம்மை கலந்த அடர் பழுப்பு நிறம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். அதிகக் குளிர்ச்சியில் மால்ட்டின் இனிப்பு வாயை மூடிக்கொள்ளும், புகை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். குவளையில் சோப்பு வாசனை இருக்கக்கூடாது. வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, காபி, பொரியல் வாசனை எதுவும் வேண்டாம்.

குடிப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியம். வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் சாதாரண பார்லி மால்ட்டும், பீச் புகையூட்டிய மால்ட்டும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். 1879 முதல் பாம்பெர்க்கிலேயே இயங்கும் வையெர்மன் ஆலையின் புகை மால்ட் பல நாடுகளில் கிடைக்கிறது. முதலில் சாதாரண மால்ட் நான்கைந்து மணிகளை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். மொறுமொறுப்பு, அப்புறம் ரொட்டி ஓரம், கடைசியில் மெல்லிய இனிப்பு. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு புகை மால்ட்டை மெல்லுங்கள். அதே ரொட்டி, அதே இனிப்பு, மேலே புகை. எது தானியம், எது விறகு என்று நாக்குக்கு இப்போது தெரிந்துவிடும்.

சரி, இனி பீர். நுரை நன்றாக எழும்படி ஊற்றி, குட்டியாக இரண்டு முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு புகைக்குப் பழகி மரத்துப்போகும். அப்படி ஆகிவிட்டால் உங்கள் முழங்கையை ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். முதல் மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விறகடுப்பில் காய்ச்சிய பாலில் புகை முன்னால் வந்து பாலின் சுவை பின்னால் தெரியுமே, அதேபோலத்தான் இதுவும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். விறகு அங்கே தெரியும். நாக்கின் நடுவில் தங்குவது தானியம். கடைசியில் வரும் கசப்பு, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்கள் தருவது. பாதிக் குவளைக்குப் பிறகு பீர் சற்றுச் சூடேறும், மூக்கும் அடங்கும். மால்ட் முன்னால் வருவது அப்போதுதான். அதுவரை எதுவும் சாப்பிட வேண்டாம். வேண்டுமானால் வெறும் ரொட்டித் துண்டு போதும்.

மரத்துக்கு மரம் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், கிறிஸ்துமஸ் காலத்தில் வரும் ஷ்லெங்கெர்லா ஐஹெ என்ற பீரை வாங்கி மெர்ட்ஸனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இதன் மால்ட்டுக்கு ஓக் மர விறகு. புகை இன்னும் மென்மையாக, வழவழப்பாக இருக்கும். நிறம் வெளிர்ந்தது என்று ஏமாந்துவிடாதீர்கள், 8 சதவீதம். ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்தால் போதும். மெர்ட்ஸனை முதலில் குடியுங்கள்.

பாம்பெர்க்குக்கே போனால் டொமினிகானெர் தெருவில் உள்ள ஷ்லெங்கெர்லா மதுவிடுதியில் மெர்ட்ஸன் மரப்பீப்பாயிலிருந்து நேராக, அரை லிட்டர் குவளையில் வரும். பாட்டிலைவிட வாயு குறைவு, அதனால் மால்ட் இன்னும் நிறைவாகத் தெரியும். காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள்.

கூட வருபவருக்கு மெர்ட்ஸன் பிடிக்காது என்று பயமாக இருந்தால், அதே ஆலையின் ஹெல்லஸ் என்ற வெளிர் நிற பீரில் தொடங்குங்கள். அதில் புகை மால்ட் சேர்ப்பதில்லை. ஆனால் ரௌக்பியர் காய்ச்சும் அதே கொப்பரைகளும் அதே ஈஸ்ட்டும் என்பதால் இலேசான புகை ஏறியிருக்கும்.