மாத்திரையா, அடியா என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டு எடுங்கள்

பள்ளியிலிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டு அனுப்பிய நாளின் இரவு ஒரு வீட்டில் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ரெண்டு போடு போட்டா தானா அடங்கிடுவான்" என்று ஒரு குரல், "டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று இன்னொரு குரல், "மாத்திரையைக் கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிடுவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க" என்று மூன்றாவது. எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது குரல் என்னுடையது. பையனுக்கு அப்போது ஏழு வயது. ஒன்றரை வருடம் இந்தச் சண்டையிலேயே கழிந்தது. அவரவர் சொன்னதுதான் சரி என்று காட்டுவதில் நாங்கள் மும்முரமாக இருந்தோம், அவன் பாட்டுக்கு டெஸ்குக்கு அடியில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இன்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் எந்த வரிசையில் போவேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் கிடையாது. மருந்தைத் தொடங்குவது, டோஸைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை, இதைப் படித்துவிட்டு நீங்களாகச் செய்யாதீர்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு. இரண்டு வாரம் எழுதுங்கள். "ரொம்ப அடம்", "சொன்ன பேச்சு கேட்கவில்லை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. மணி எத்தனை, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள், இந்த நான்கும் வேண்டும். நான் எழுதிய ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது: 6.40, கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். 6.45, பென்சிலைக் காணோம் என்று தேடப் போனான். 6.55, கட்டிலுக்கு அடியில் பழைய பொம்மைக் காரோடு படுத்திருந்தான். 7.05, கத்தினேன். 7.10, நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தான். 7.15, "எக்கேடோ கெட்டுப் போ" என்று எழுந்து போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பிப் படித்தபோதுதான் உறைத்தது. அவன் கிழித்த ஒவ்வொரு நாளும் ஹோம்வொர்க் அத்தோடு முடிந்திருக்கிறது. அதாவது, கிழித்தால் விடுதலை என்று பாடம் நடத்தியதே நான்தான். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் வருடக்கணக்காக ஆராய்ந்தார்: பெரியவர் அதட்டுகிறார், பிள்ளை இன்னும் பெரிதாக எகிறுகிறது, பெரியவர் பின்வாங்குகிறார், பிள்ளை அமைதியாகிறது, இரண்டு பேருக்கும் அந்த நிமிடம் நிம்மதி, அதனாலேயே மறுநாளும் அதே நாடகம். ஆனால் அந்த 6.40-லிருந்து 6.55 வரை நடந்தது வேறு சங்கதி. பென்சில் தேடப் போனவன் எதற்காகப் போனோம் என்பதையே மறந்திருக்கிறான். அது திமிர் இல்லை. இரண்டையும் நான் அதுவரை "சேட்டை" என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, உடம்பைப் பாருங்கள். இது சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டிக் குதித்து மனநல மருத்துவரிடம் போனால் அவரே திருப்பி அனுப்புவார், நல்லவராக இருந்தால். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரும்புச்சத்து எப்படி. தூக்கம் மிக முக்கியம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை, பதின்வயதுக்கு 8 முதல் 10. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து போவோம், குழந்தைகளில் பலர் தூக்கம் கெட்டால் இன்னும் துள்ளுவார்கள், அதனால் நமக்குச் சந்தேகமே வராது. தினமும் குறட்டை விடுகிற பிள்ளை என்றால் தொண்டையில் டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தெரியாமல், பிறகு எதுவும் நடக்காதது மாதிரி தொடர்கிறது என்றால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதச் சொன்னால் மட்டும் ரகளை, மற்ற நேரம் தங்கம் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிவிட்டால் யாராவது மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் தொட்டார்களா என்பதை முதலில் யோசிக்க வேண்டும், மாத்திரையை அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொன்று, வகுப்பில் உங்கள் பிள்ளைதான் வயதில் சின்னதா? பல நாடுகளின் பதிவுகளில் ஒரே மாதிரி தெரிந்த விஷயம் இது, ஒரு வகுப்பில் வயதில் மிகச் சின்னதாக இருக்கும் குழந்தைகளுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) என்ற முத்திரை அதிகம் விழுகிறது. ஆறு வயதுப் பிள்ளையை ஏறக்குறைய ஏழு வயதுப் பிள்ளையோடு நிறுத்தி "உட்கார மாட்டேன் என்கிறான்" என்றால் எப்படி?

சரி, அடிக்கு வருவோம். "அடியாத மாடு படியாது" என்று சொல்லித்தான் நம்மில் பாதிப் பேரை வளர்த்தார்கள், மாட்டுக்கே அது சரியா என்று எனக்குச் சந்தேகம். அடித்தால் அந்த நிமிடம் அடங்கும், அது உண்மை, அதுதான் அதில் இருக்கும் பொறியும். நமக்குப் பலன் உடனே கிடைப்பதால் அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் ஓங்குகிறது. நீண்ட காலத்தில் அடி வாங்கிய குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்ப்பும் கூடுவதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் அடிக்கவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது, ஸ்வீடன் 1979-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கண்டிப்பு என்பது கத்துவதைவிடக் கடினமான வேலை, பயிற்சி வேண்டும். மருத்துவர்கள் இதைப் பெற்றோர் பயிற்சி என்பார்கள், பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, பிரச்சினை அவனுக்கு, பயிற்சி எனக்கா என்று. ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஏடிஹெச்டிக்குக்கூட மருந்துக்கு முன்னால் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். எதிர்த்துப் பேசுவது, வேண்டுமென்றே வம்பு செய்வது போன்றவற்றுக்கு முதல் சிகிச்சை இதுதான்.

அதன் சாரம் இவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து. "ரெடியாகு" என்றால் அவனுக்குப் புரியாது, "ஷூவைப் போடு" என்றால் புரியும். போட்டுவிட்டால் உடனே அதையே சொல்லிப் பாராட்டுங்கள், "சொன்னதும் ஷூ போட்டுட்டியே" என்று. சும்மா "குட் பாய்" என்றால் எதற்கு என்று அவனுக்கே தெரியாது. முனகல், சிணுங்கல் மாதிரி சின்னச் சேட்டைகளைக் காணாததுபோல் விடுங்கள். அடிப்பது, பொருளை உடைப்பது இவற்றுக்கு மட்டும் தண்டனை, அதுவும் சின்னதாக, உடனே, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. ஒரு வாரத்துக்கு டிவி கிடையாது என்று கோபத்தில் அறிவித்துவிட்டு மூன்றாம் நாள் நாமே போட்டுவிடுவதைவிட இன்று மாலை அரை மணி நேரம் கிடையாது என்பது மேல். ஒரு எச்சரிக்கை: நீங்கள் பின்வாங்குவதை நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் ரகளை கூடலாம், அதற்குத் தயாராக இருங்கள். இதுவரை வேலை செய்த சாவி திறக்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் பலமாகத் திருகித்தான் பார்ப்பார்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் "இதெல்லாம் எங்க பிள்ளைக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள், நானும் ஒருமுறை விட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளியிலும் வீட்டிலும் நிலைமை அப்படியே இருந்தால் மனநல மருத்துவர், முடிந்தால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறிகுறிகள் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆகவே டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பத்து நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரைப் பாருங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் எங்கள் பையன் பெயரைக்கூட அவர் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

மருந்து விஷயத்தில் நான் மனம் மாறியது அதன் கணக்கைப் பார்த்த பிறகு. இது நேற்று வந்த சரக்கு இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் ஆம்பெட்டமைன் என்ற மூளையைத் தூண்டும் மருந்தைக் கொடுத்த குழந்தைகள் படிப்பில் கவனமாக உட்கார்ந்ததை 1937-லேயே எழுதிவிட்டார். இன்று ஏடிஹெச்டிக்கு அதிகம் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1944-இல் உருவாக்கப்பட்டது. 1999-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏடிஹெச்டி உள்ள ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் 579 பேர், குழுக்களாகப் பிரித்து, 14 மாதம். கவனக்குறைவு, துறுதுறுப்பு இரண்டுக்கும் நன்றாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து தனி நடத்தைப் பயிற்சியைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த டோஸே போதுமானதாக இருந்தது. எனக்குப் பட்ட முக்கியமான இடம் வேறு: வழக்கமான மருத்துவரிடம் விடப்பட்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டார்கள், அவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசமும் கரைந்துவிட்டது. சீட்டை எழுதி வாங்கி அலமாரியில் வைத்து வருடக்கணக்கில் ஓட்டுவது சிகிச்சையில் சேராது.

மாத்திரை எதைச் செய்யும் என்று தெளிவாக இருங்கள். நோட்டில் எழுதிய அந்த 6.45-ஐச் சரிசெய்யும், பென்சிலைத் தேடப் போனவன் பென்சிலோடு வருவான். 7.10-ஐச் சரிசெய்வது நம் வேலை. பொய், திருட்டு, எதிர்த்துப் பேச்சு இவற்றுக்கென்று மாத்திரை இல்லை. அடங்காத பிள்ளையை அடக்கிவைக்க ரிஸ்பெரிடோன் மாதிரி, தீவிர மனநோய்களுக்குக் கொடுக்கும் மருந்தை எழுதினால் ஏன் என்று துருவிக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு அமெரிக்காவில் 2006-லேயே அதற்கு அனுமதி கிடைத்தது, இடம் அறிந்து கொடுத்தால் உதவும், ஆனால் உடல் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் ஏறக்கூடும், எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் என்றால் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும், 2004-லிருந்து அமெரிக்காவில் மருந்தின் விவரச் சீட்டிலேயே அதற்குப் பெட்டி கட்டிய எச்சரிக்கை உண்டு. ஏடிஹெச்டிக்குச் சிலருக்குக் கொடுக்கும் குளோனிடின், குவான்ஃபசின் இரண்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறலாம்.

மெத்தில்ஃபெனிடேட் தொடங்கும் முன் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், தலைவலி, வயிற்றுவலி வரலாம், வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகலாம். எங்கள் பையன் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான், காலையில் மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறைய, இரவு இன்னொரு முறை என்று மாற்றிக்கொண்டோம். பிள்ளை ஆள் மாறின மாதிரி, சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் "அமைதியாயிட்டான்" என்று சந்தோஷப்படாதீர்கள், டோஸ் அதிகம் என்று பொருளாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த அறிகுறி எவ்வளவு குறைந்தால் பலன் என்று எடுத்துக்கொள்வது, எப்போது நிறுத்திப் பார்ப்பது, இந்த இரண்டையும் முதல் நாளே கேட்டு நோட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும்.

செத்துப்போகிறேன் என்று சொன்னால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், இந்த வரிசை எதுவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லித் தராதது. பிள்ளை ஏதாவது தப்புச் செய்ததும் வீட்டில் யாராவது "இன்னைக்கு மாத்திரை போட்டியா இல்லையா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஒருநாள் தம்பியின் பென்சில் டப்பாவை உடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "மாத்திரை இன்னும் வேலை செய்யல" என்றான் சாதாரணமாக. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் தடை. மாத்திரை போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் உடைத்த டப்பாவை ஒட்டிக் கொடுக்க வேண்டியது அவன்தான், அன்று பசையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன், முக்கால் மணி நேரம் ஒட்டினான், மூடி கொஞ்சம் கோணல்.